டேனரியில் தூக்கிய எடை இதயக் கணக்கில் சேராது

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவரிடம் "தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொன்னால், வாணியம்பாடியில் நியாயமான ஒரு கேள்வி எழும்: "இருபது வருசமா டேனரியில ஈரத்தோல் தூக்குறேன். இதுக்கு மேல என்னங்க எக்சர்சைஸ்?"

கோபன்ஹேகனில் 1,04,046 பேரைச் சுமார் 10 ஆண்டுகள் கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. ஓய்வு நேரத்தில் உடலுக்கு வேலை கொடுத்தவர்களிடம் மாரடைப்பும் மரணமும் குறைந்திருந்தன. பிழைப்புக்காக உடலை வருத்தியவர்களிடம் கூடியிருந்தன. ஏன் என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும். எட்டு மணி நேரமும் நாடித்துடிப்பு உயர்ந்தே இருந்தால் இதயம் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

18-ஆம் நூற்றாண்டு லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் ஒரு நெஞ்சுவலிக்காரரைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். அவர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்தார்; வலி ஏறக்குறைய போய்விட்டது. மரம் அறுப்பதும் கடும் உழைப்புதான். ஆனால் அரை மணி ஆனதும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். இதய மறுவாழ்வுப் பயிற்சியின் சூத்திரம் அந்த அரை மணிதான்: அளவு.

அளவை முதலில் சோதித்து அறிய வேண்டும். 30 மீட்டர் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, கடந்த தூரத்தைக் குறிப்பது எளிய முறை. டிரெட்மில் சோதனை துல்லியமானது. 6,213 ஆண்களிடம் நடத்தி 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடல் தாங்கும் உழைப்பு ஒரு 'மெட்' (சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல்) கூடுதலாக இருந்தால் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12 சதவீதம் கூடியிருந்தது.

வழக்கமான முறை, மிதமான வேகத்தில் இடைவிடாத நடை. ஐந்து பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்கி, இருபது முப்பது நிமிடம் நடந்து, மெதுவாகவே முடிக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித்துடிப்பை அடக்கிவைக்கும் என்பதால் '220 கழித்தல் வயது' என்ற கணக்கு இவர்களுக்கு உதவாது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

இன்னொன்று, நார்வேக்காரர்களின் இடைவெளிப் பயிற்சி. நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் இதமாக. இப்படி நான்கு முறை. 2007-ல் 27 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இதனால் 46 சதவீதம் உயர்ந்தது. மிதமான பயிற்சியில் 14 சதவீதம்தான். உலகமே வியந்தது. 2015-ல் பெல்ஜியத்தில் 200 பேரிடம் சோதித்தபோது வித்தியாசம் கரைந்தது: இடைவெளிப் பயிற்சியில் 22.7 சதவீதம், மிதமானதில் 20.3. ஆகவே நடக்க விரும்புகிறவரை ஓடச்சொல்லி விரட்டத் தேவையில்லை என்பேன். கடும் பயிற்சியை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே தொடங்கலாம்.

தோல் தொழிலாளிக்கு அதிகம் வேண்டியதோ, பலரும் விட்டுவிடும் எடைப் பயிற்சி. திரும்பத் தூக்கப்போகும் கைகள் அல்லவா! குறைந்த எடை, தூக்கும்போது மூச்சை வெளியே விடும் பழக்கம், வாரம் இரண்டு நாள் போதும். பைபாஸ் ஆனவர் மார்பெலும்பு கூடிவிட்டதென்று மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் தையல் மெஷின் முன் உட்காரும் பெண்ணின் கதை நேர்மாறு. அவருக்கு நடைதான் முதல் மருந்து.

யோகா? இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த 'யோகா-கேர்' ஆய்வு 2020-ல் வெளியானது. 13 வகுப்புகள். பழைய வேலைகளுக்குத் திரும்புவதும், தன் உடல்நலம் பற்றிய சொந்த மதிப்பீடும் மேம்பட்டன. மறுபடி மாரடைப்பு, மரணம் போன்றவை குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பயிற்சி மையத்துக்காக வாணியம்பாடியிலிருந்து வேலூருக்குப் போவதென்றால் அறுபது கிலோமீட்டருக்கு மேல். வாரம் மூன்று முறை வீதம் பன்னிரண்டு வாரம் என்றால் 36 பயணம், 36 நாள் கூலி. நல்லவேளையாக, வீட்டிலேயே செய்யும் பயிற்சியும் மையத்தில் செய்வதற்கு ஏறத்தாழ இணையான பலன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சோதனைக்கும் அளவு கூட்டவும் மட்டும் போய்வந்தால் போதும். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' நடைபாதை 8 கிலோமீட்டர். முதல் வாரத்தில் அதில் ஒரு துண்டு போதும்.

நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால், வழக்கத்தை மீறி மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். வலி விடாவிட்டால் 108. கோடையில் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடுங்கள். பாலாற்று மணலில் நடப்பது தார்ச்சாலையைவிடக் கடினம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை அடுத்த சோதனை முடியும்வரை பஸ்ஸிலேயே கடக்கலாம்.