பழைய வேட்டி, புதிய பை

அரிசி, பருப்பு விலையைவிட இன்று நம் கடைகளில் அதிகம் வாக்குவாதம் நடப்பது பையைப் பற்றித்தான். "பை இல்லையா? பக்கத்துக் கடையில் தருகிறார்களே" என்று வாடிக்கையாளர் திரும்பிவிட்டால், போவது ஒரு கிலோ சர்க்கரை வியாபாரம் மட்டுமல்ல; அந்த வீட்டு மாதச் சாமான் பட்டியலே போய்விடுகிறது.

தமிழக அரசு 2018 ஜூன் 25ஆம் தேதி வெளியிட்ட ஆணைப்படி, 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. கேரி பேக் எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் அடக்கம். பிறகு 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றை நாடு முழுவதும் தடை செய்தது. சோதனையில் அகப்பட்டால் சரக்கும் போகிறது, அபராதமும் சேர்கிறது. எனவே தடை சரியா தவறா என்று பேசிக்கொண்டிருப்பதை விட, மாற்று வழி நமக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்ப்பதே வியாபாரிக்கு அழகு.

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. நல்ல முயற்சி. ஆனால் அரைக் கிலோ உளுந்து விற்றுக் கிடைக்கும் லாபத்தில் புதுத் துணிப்பை ஒன்றை இலவசமாகக் கொடுக்க எந்த மளிகைக் கடையாலும் முடியாது. நாம் சொல்ல வருவது வேறு வழி. பைக்குப் புதுத் துணி வேண்டாம்; வீட்டில் கிடக்கும் பழைய துணியே போதும்.

புதுத் துணியா, பழைய துணியா?

துணிப்பை என்றாலே நல்லது என்று நினைக்கிறோம். டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. புதுப் பருத்திப் பை ஒன்றை, புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் எடுத்தால், குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். தண்ணீர், உரம், காற்று மாசு என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. இங்கிலாந்தில் 2011இல் வெளியான ஆய்வு 131 முறை என்றது. கணக்கு முறைகள் வேறு; ஆனால் சொல்லும் செய்தி ஒன்றுதான். பருத்தி விளைவிக்க, நூல் நூற்க, சாயமேற்ற ஆகும் செலவு பெரிது. புதுப் பையைக் கொடுத்து, அது பரணில் தூங்கினால் யாருக்கும் பயனில்லை. கல்யாண வீடுகளில் வாங்கிய தாம்பூலப் பைகள் நம் வீட்டு அலமாரியில் எத்தனை கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய வேட்டிக்கு அந்தச் செலவெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அதைப் பையாக்க ஆகும் செலவு தையல் கூலியும் நூலும்தான்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் 1930களின் பஞ்ச காலத்தில் கோதுமை மாவு வந்த துணிமூட்டையைப் பிரித்துப் பெண்கள் சட்டை, பாவாடை தைத்தார்கள். அதைக் கவனித்த மாவு வியாபாரிகள் மூட்டைத் துணியில் பூப்போட்டு அச்சடித்து விற்பனையைப் பெருக்கினார்கள். அங்கே மூட்டை உடுப்பானது. இங்கே உடுப்பு பையாகட்டும். டெல்லியில் 1999இல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு பழைய துணிகளிலிருந்து பைகள் உட்படப் பல பொருட்களைத் தைத்து வருகிறது. அதை நிறுவிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

துணி எங்கே கிடைக்கும்?

'பழைய துணிக்குப் பாத்திரம்' என்று கூவி வருபவரை நம் தெருக்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் எடுத்துக்கொள்ளாத துணிகளே வீட்டுக்கு வீடு ஒரு மூட்டை இருக்கும். கரை கிழிந்த வேட்டி, இடுப்பு பத்தாத பேண்ட், நிறம் மங்கிய ஜன்னல் திரை, பாட்டி உடுத்திய நூல் சேலை எல்லாம் பைக்கு ஏற்றவை. இராயவரம், கோனாபட்டு போன்ற நம் மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களில் பழைய கண்டாங்கிச் சேலை கிடைத்தால் விடாதீர்கள். கனமான நூல், கட்டம் போட்ட அழகு. பையாகவும் பல காலம் உழைக்கும். தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணி கைப்பிடிக்கு உதவும்.

தைக்கும் விதம்

ஐந்து கிலோ சாமான் தாங்கும் பைக்கு 14 அங்குல அகலம், 16 அங்குல உயரம் போதும். அதற்கு 15 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உள்ள துணியை இரண்டாக மடித்து இரு பக்கமும் தைத்து, வாயை மடித்து அடிக்க வேண்டும். கைப்பிடிக்கு 3 அங்குல அகலம், 18 அங்குல நீளத்தில் இரண்டு பட்டைகள். ஐந்தரை மீட்டர் சேலையில் நைந்த இடங்களைக் கழித்தாலும் 12 பைகள் வரும்.

பை கிழிவது பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடத்தில்தான். அங்கே சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போல் குறுக்குத் தையலும் போடச் சொல்லுங்கள். பக்கங்களுக்கு இரட்டைத் தையல் வேண்டும். மெல்லிய சேலையானால் இரண்டு மடிப்பாகத் தைப்பது நல்லது, எண்ணிக்கை பாதியாகும். பேண்ட் காலை வெட்டினால் அடிப்பக்கம் ஒரு தையல் போட்டாலே பை தயார்; அரிசிக்கு அதைவிட உறுதியானது இல்லை. தைக்கும் முன் துணியைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும்.

தைப்பவர் யார்?

ஆளுக்குப் பஞ்சமில்லை. அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் இயந்திரம் பெற்ற பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இலவசப் பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. சீருடை வேலை இல்லாத மாதங்களில் இந்த வேலை அவர்களுக்குக் கைகொடுக்கும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது நம் மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதை நாடே வியந்து பார்த்தது. புதியதைக் கையில் எடுக்க அவர்கள் தயங்குவதில்லை. கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல், பைகளை எண்ணி வாங்கிய அன்றே கொடுத்துவிடுவது நம் பொறுப்பு.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கடைக்கு நாளொன்றுக்கு 30 பேர் வெறுங்கையோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 ரூபாய்ப் புதுப் பையை இலவசமாகக் கொடுத்தால் தினம் 600 ரூபாய். கடையை மூட வேண்டியதுதான். பழைய துணிப் பைக்குக் கூலி, நூல், சலவை எல்லாம் சேர்த்து 10 ரூபாய் என்றால், 300 பைக்கு 3,000 ரூபாய் முதல். அதை 15 ரூபாய் முன்பணத்துக்குக் கொடுத்து, பை திரும்பி வந்ததும் பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம். வராவிட்டால் அந்தப் பணத்தில் அடுத்த பை தைக்கலாம். ஆனால் முன்பணம் லாபம் அல்ல, வாடிக்கையாளர் பணம். கல்லாவில் கலக்காமல் தனி டப்பாவும் தனி நோட்டும் வைப்பது முறை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பர்லி ஹெட்ஸ் என்ற கடற்கரை ஊரில் 2013இல் 'பூமராங் பைகள்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. ஊர் மக்கள் கூடிப் பழைய துணியில் பை தைத்துக் கடைகளில் வைத்தார்கள். பை மறந்து வந்தவர் எடுத்துப்போய், பிறகு கொண்டுவந்து வைக்க வேண்டும். அது பல நாடுகளுக்கும் பரவியது. எறிந்தவரிடமே திரும்பி வரும் வளைதடியின் பெயரைப் பைக்கு வைத்தது பொருத்தம்தான்.

கவனிக்க வேண்டியவை

1. துணி போலவே தோன்றும் 'நான் ஓவன்' பையைக் கண்டு ஏமாற வேண்டாம். அது பாலிபுரோப்பிலின் என்ற பிளாஸ்டிக். 2018 ஆணையின் 14 பொருட்களில் அதுவும் ஒன்று. ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகி உருண்டையாகும்.

2. பையோடு சேர்த்து எடை போடக் கூடாது. சரக்கின் நிகர எடை குறையாமல் இருக்க வேண்டும்.

3. உதிரிப் பருப்பு, மாவு, சர்க்கரையை நேரடியாகப் பழைய துணிப் பையில் கொட்ட வேண்டாம். அச்சில்லாத காகிதத்தில் பொட்டலம் கட்டிப் பிறகு பையில் போடுங்கள். செய்தித்தாளில் உணவுப் பொருள் கட்டுவதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை உள்ளது.

4. முன்பணம் எவ்வளவு என்பதைக் கடை வாசலிலேயே எழுதி வையுங்கள். கடைப் பெயர் அச்சடித்த காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கிய ஒரு காலணிக் கடைக்கு, சண்டிகர் நுகர்வோர் மன்றம் 2019இல் 9,000 ரூபாய் செலுத்த உத்தரவிட்டது நினைவிருக்கட்டும்.

ஒரு கடை மட்டும் இதைச் செய்தால் பாரம் அதிகம். ஒரே வீதியில் பத்துக் கடைகள் சேர்ந்து ஒரே அளவுப் பை, ஒரே முன்பணம் என்று முடிவு செய்தால், கீழ ராஜ வீதியில் வாங்கிய பையை அதே வீதியில் எந்தக் கடையிலும் திருப்பித் தரலாம். "பக்கத்துக் கடையில் தருகிறார்களே" என்ற பேச்சுக்கும் அப்போது இடமிருக்காது. நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுவோம். வரும்போது வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழைய வேட்டி கொண்டு வந்தால், பேச்சோடு நிற்காமல் வேலையும் அன்றே தொடங்கிவிடும்.