பாட்டுக்குப் பூட்டு

இசைத்தட்டை விலைக்கு வாங்கினால் அது நம் உடைமை. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் பாட்டு எப்போதும் அத்தகையதன்று. மாதச் சந்தா நின்றதும், சேர்த்து வைத்த தமிழ்ப் பாட்டுகள் யாவும் ஊமையாகிவிடுவதை வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் கண்டிருப்பர்.

காரணம் யாது? அக்கோப்பு மறைமொழியில் அமைந்தது. அதைத் திறக்கும் சாவியை நிறுவனம் சந்தா உள்ளவரை மட்டுமே இரவல் தருகிறது. விலை கொடுத்தவையும் சில வேளை தப்புவதில்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியோரின் நூல்களும் மறைந்தன. பணம் மட்டுமே திரும்பிற்று.

பூட்டை உடைக்கலாமோ? 2012இல் திருத்தப்பெற்ற இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்குடன் உடைப்போர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

நேர்வழியும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் தான் விற்கும் பாட்டுகளின் பூட்டை 2009இல் நீக்கிவிட்டது. நாம் உயிராய்ப் போற்றும் பாட்டுகளை, அத்தகைய பூட்டில்லாக் கோப்பாகவோ குறுந்தகடாகவோ விலைக்கு வாங்கி, நம் உபயோகத்திற்கென வேறோரிடத்தில் ஒரு படியும் வைத்துக்கொள்வோம். மற்றவற்றைச் சந்தாவில் கேட்டு மகிழ்வோம். ஊர் விட்டு வந்த நமக்குத் துணையாகும் பாட்டு, பிறர் சாவியை நம்பியிருத்தல் வேண்டா.