விலை நம் கையில் இல்லை, லீற்றர் நம் காலில் இருக்கிறது

2021 டிசம்பர் கடைசியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசலின் விலை 121 ரூபா. 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபா. ஆறு மாதம் கழித்து, 2022 ஜூன் கடைசியில், அதே டீசல் 460 ரூபாவுக்கும் பெற்றோல் 470 ரூபாவுக்கும் போய் நின்றன. பெற்றோல் ஷெட் வாசலில் இரவு பகலாகக் காத்துக் கிடந்ததையும், கியூ.ஆர். கோட்டாவுக்குள் ஒரு வாரத்தை ஓட்டியதையும் நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அதன் பின்னர் விலை இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் ஒருபோதும் நம்மிடம் வரவில்லை. எத்தனை லீற்றர் எரிப்பது என்பதே நமக்கு விடப்பட்டிருக்கும் ஒரே விடயம்.

நமது வியாபாரிகள் கடை வாடகையை அறிவார்கள், மின்கட்டணத்தை அறிவார்கள், ஊழியரின் சம்பளத்தைச் சதம் வரை சொல்வார்கள். "உங்கள் வேன் ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது?" என்று கேட்டால்தான் பலரிடம் பதில் இல்லை. "பரவாயில்லாமல் ஓடுது" என்பார்கள். இந்தப் 'பரவாயில்லை'க்குள் எவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு விநியோக வேன் நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர் வீதம் மாதத்தில் 26 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,600 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்றால் 260 லீற்றர் தேவை. அதையே பதினொன்றரை கிலோமீற்றராக உயர்த்திவிட்டால் 226 லீற்றர் போதும். மிச்சம் 34 லீற்றர். கணக்குக்காக ஒரு லீற்றரை 300 ரூபா என்று எடுத்தால் மாதம் 10,200 ரூபா. வருடத்துக்கு 122,400 ரூபா.

நூற்றுக்கு ஐந்து ரூபா இலாபம் வைத்து விற்கும் ஒரு மொத்த வியாபாரி 10,200 ரூபா சம்பாதிக்க வேண்டுமானால் 204,000 ரூபாவுக்குச் சரக்கு விற்றாக வேண்டும். அந்த விற்பனைக்கு எத்தனை கடை ஏறி இறங்க வேண்டும், எத்தனை பேருக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கண் முன்னே இருக்கும் கணக்காளர்

ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் பெரும்பாலானவற்றின் மீற்றர் போர்டிலேயே எரிபொருள் கணக்கு இருக்கிறது. ஒன்று சராசரிக் கணக்கு. மற்றது இந்த நிமிடத்தில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று காட்டும் கணக்கு. டொயோட்டா வாகனங்கள் பலவற்றில் மிதமாக ஓட்டும்போது பச்சை நிறத்தில் 'ஈகோ' விளக்கு எரியும். ஹொண்டாவில் 'ஈகொன்' பொத்தானை அழுத்தினால் எக்ஸிலேட்டரின் துள்ளலும் ஏ.சி.யின் வேலையும் சற்று மட்டுப்படும். சில சுஸுகி கார்களில் வேகமானியின் நீல ஒளி பச்சையாக மாறும். இவற்றை அழகுக்காக வைத்தது என்று நினைத்து நாம் கவனிப்பதே இல்லை.

ஒரு வாரத்துக்கு அந்தப் பச்சை விளக்கு அணையாமல் ஓட்டிப் பாருங்கள். கால் தானாகவே பழகிவிடும். முன்னால் சிவப்பு விளக்கு தெரியும்போது பலர் கடைசி வரை எக்ஸிலேட்டரை மிதித்துப்போய்ப் பிரேக் அடிக்கிறார்கள். அங்கே பிரேக்கில் சூடாகிப் போவது காசு கொடுத்து வாங்கிய எரிபொருள்தான். திடீரென வேகமெடுப்பதும், விரட்டி ஓட்டுவதும், சடுதியாகப் பிரேக் அடிப்பதும் நெரிசலான வீதிகளில் எரிபொருள் சிக்கனத்தை 10 முதல் 40 சதவீதம் வரை குறைக்கலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் திணைக்களம். கிரிபத்கொடையிலும் கடவத்தையிலும் ஊர்ந்து செல்லும் கண்டி வீதிக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேறு இல்லை.

மீற்றர் போர்டில் இந்த வசதி இல்லாத பழைய டொல்பின் வேனுக்கும் டிமோ பட்டாவுக்கும் ஒரு கொப்பி போதும். டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியத்தில் வையுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடித்தது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று எழுதி வகுத்துப் பாருங்கள். ஐநூறு ரூபாவுக்கும் ஆயிரம் ரூபாவுக்கும் அடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு வராது. நான்கு முறை நிரப்பினால் உங்கள் வாகனத்தின் உண்மையான நிலை தெரிந்துவிடும்.

கடுகண்ணாவையில் நியூட்ரல் வேண்டாம்

கண்டிப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வரும் சாரதிமாரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கடுகண்ணாவை இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குப் போட்டுவிட்டு வண்டியை உருட்டி விடுவார்கள். டீசல் மிச்சமாகிறதாம். காபரேட்டர் வைத்த பழைய பெற்றோல் வாகனங்களின் காலத்தில் இதில் ஏதோ அர்த்தம் இருந்திருக்கலாம். கணினியால் இயங்கும் இன்றைய இஞ்சின்களில் கணக்கு நேர்மாறானது. கியரில் இருக்கும்போது எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இஞ்சினைச் சுற்ற, எரிபொருள் செல்வது நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் போட்டால் இஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். நம்பிக்கை இல்லாதவர்கள் இறக்கத்தில் மீற்றரைப் பார்க்கட்டும். கியரில் காலை எடுத்தவுடன் அந்த நிமிடக் கணக்கு உச்சிக்குப் போய் நிற்கும்.

பணத்தைவிடப் பெரியது உயிர். நியூட்ரலில் இஞ்சினின் பிடி இல்லாமல் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால், சரக்கு ஏற்றிய வண்டியை அந்த வளைவுகளில் யாரால் நிறுத்த முடியும்? ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களும் 'என்' பக்கம் போகக் கூடாது. அதில் பற்றரி சார்ஜ் ஏறாது. இறக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்சாரத்தை ஏன் விட வேண்டும்?

காற்றும் சுமையும் ஏ.சி.யும்

டயர் காற்றின் சரியான அளவு சாரதியின் கதவைத் திறந்தால் உட்பக்கம் ஒட்டியிருக்கும். 240 கிலோ பஸ்கால் என்று இருந்தால் ஏறத்தாழ 35 பி.எஸ்.ஐ. என்று அர்த்தம். நான்கு டயரிலும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. குறையும்போது எரிபொருள் சிக்கனம் 0.2 சதவீதம் அளவில் குறைகிறது. பத்து குறைந்து ஓடினால் இரண்டு சதவீதம் போய்விடும். டயரும் சீக்கிரம் தேய்ந்துபோகும். காற்றுப் பார்ப்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டயர் சூடேறுவதற்கு முன் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் தேவையற்ற 45 கிலோ சுமை இருந்தால் ஒரு சதவீதம் வரை போகும். விற்காமல் திரும்பி வந்த சரக்கைப் பல நாட்கள் வேனிலேயே வைத்துச் சுற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம்.

வெயிலில் நின்ற வாகனத்தில் ஏறியதும் ஏ.சி.யை முழுதாகத் திருப்பாதீர்கள். கண்ணாடிகளைத் திறந்து சற்றுத் தூரம் ஓட்டி, சூடு வெளியேறிய பின் போடுங்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியைத் திறப்பது இலாபம். அதிவேகப் பாதையில் கண்ணாடியை மூடி ஏ.சி. போடுவதே நல்லது. அங்கு வேகத்தையும் கவனிக்க வேண்டும். 80 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும் காற்றுத் தடை 100இல் ஒன்றரை மடங்குக்கும் அதிகமாகிறது.

ஒரே இடத்தில் நின்றபடி ஓடும் இஞ்சின் மணிக்கு ஒரு லீற்றர் அளவு எரிக்கக்கூடும். வாகனத்தின் அளவைப் பொறுத்து இது கூடும், குறையும். ஜும்ஆ முடிந்து உறவினர் வரும்வரை பள்ளிவாசல் முன்னால் ஏ.சி. ஓடும் வாகனங்களைக் காணும்போது, சற்று முன் உள்ளே வீண்விரயம் பற்றிக் கேட்ட குத்பா என் நினைவுக்கு வருகிறது. அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் இஞ்சினை அணைத்துவிடலாம். டர்போ உள்ள டீசல் வாகனத்தை மட்டும் நீண்ட ஏற்றம் ஏறி வந்த கையோடு அணைக்காமல் ஒரு நிமிடம் ஆறவிட்டு அணையுங்கள்.

95 ஒக்டேன் அடித்தால் அதிகம் ஓடும் என்பதும் ஒரு நம்பிக்கை. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கென்று தயாரித்த வாகனத்துக்கு நமது 92 போதுமானது. 95 கேட்கும் இஞ்சினுக்கு மட்டும் அதைக் கொடுங்கள்.

சாரதியின் அமானிதம்

கணக்கு வைக்காததால் வரும் நட்டம் பணத்தோடு முடிவதில்லை. எனக்குத் தெரிந்த மலைநாட்டு வியாபாரி ஒருவரின் லொறி, எரிபொருள் விலை உச்சத்தில் இருந்த அந்த 2022இல், முன்பைவிட அதிகம் டீசல் குடிக்கத் தொடங்கியது. அவருடைய சந்தேகம் நேரே சாரதி மீது போனது. பல வருடங்கள் அவரிடம் உழைத்த மனிதர் அவர். "ஹாஜியார், டேங்க்குக்குப் பூட்டுப் போட்டுச் சாவிய நீங்களே வச்சிக்கோங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த மாதக் கடைசியில் விலகியும் விட்டார். புதிய சாரதி வந்த பிறகும் டீசல் குறையவில்லை. கராஜில் காட்டியபோது பின்சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமல் பிடித்தபடி இருந்தது தெரியவந்தது. கொப்பியில் கணக்கு இருந்திருந்தால், எந்த வாரத்திலிருந்து குறைந்தது என்று பார்த்து, முதலில் லொறியைத்தான் கராஜுக்கு அனுப்பியிருப்பார். ஒரு நல்ல மனிதரின் மனம் நொந்திருக்காது.

ஆகவே கொப்பி சாரதியைப் பிடிப்பதற்கான பொறி அல்ல. அது அவருடைய அமானிதத்துக்குச் சாட்சி. அவரிடமே கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை, பாதியாக இருந்தாலும், அவருக்கே கொடுங்கள். மேலே சொன்ன 10,200 ரூபாவில் 5,100 ரூபா ஒரு சாரதியின் வீட்டில் என்ன செய்யும் என்று யோசியுங்கள். முதலாளிக்கும் 5,100 ரூபா புதிதாகக் கிடைத்த பணம்தான்.

இன்னொன்றையும் முதலாளிமாருக்குச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டியில் எட்டு மணி வரை சாமான் ஏற்றிவிட்டு, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "எங்க நிக்கிறீங்க? இன்னும் வரல்லியா?" என்று தொலைபேசியில் கேட்டால், எந்தச் சாரதியும் பச்சை விளக்கைப் பார்த்து ஓட்டமாட்டார். எக்ஸிலேட்டரில் இருப்பது சாரதியின் கால். அதை அழுத்துவது பல நேரங்களில் நமது அவசரம். நேரத்துக்குச் சாமான் ஏற்றி அனுப்புவதும் எரிபொருள் சிக்கனம்தான்.

இந்த வாரமே ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் மாதம் யாரையும் குறை சொல்லாமல் எழுத மட்டும் செய்யுங்கள். இரண்டாம் மாதம் காற்றையும் காலையும் கவனியுங்கள். மூன்றாம் மாதம் பங்கைப் பிரியுங்கள். நமது உழைப்பிலும் தொழிலிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக.