கிறிஸ்து பிறப்பின் பழம்பாடல்கள் நிலைத்து நிற்பதேன்?

டிசம்பர் மாதம் பிறந்தவுடன் நம் சபைகள் பலவற்றில் எழும் வினா ஒன்று உண்டு. பாடல் பவனியில் எவற்றைப் பாடுவது என்பதே அது. வாலிபர் தாம் கைப்பேசியில் கேட்டுப் பழகிய புதுப்பாடல்களை விரும்புகின்றனர். முதியோர் ஞானப்பாட்டுகளையும் கீர்த்தனைகளையும் கேட்கின்றனர். நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் இரவில் வீடு வீடாகச் செல்லும் பவனியிலும் இவ்வினா எழாமலிருப்பதில்லை. ஆனால் வாசலில் நின்று 'ஒப்பில்லா திரு இரா' என்றோ 'பக்தரே வாரும்' என்றோ தொடங்கியவுடன், வினா எழுப்பிய இரு சாராரும், வீட்டுக்குள்ளிருந்து வருவோரும் சேர்ந்தே பாடுகின்றனர். இந்த ஈர்ப்பின் காரணம் என்ன? அதைப் போதகர்களாகிய நாம் எவ்வாறு பயன்படுத்த வேண்டும்? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

1. பழையன யாவும் புதியனவாய்ப் பிறந்தவையே

பழம்பாடல்கள் தோன்றிய நாளிலேயே இன்றைய வடிவில் இருந்தன என்று எண்ணுவது தவறு. லுத்தர் தம் பிள்ளைகளுக்காக இயற்றிய கிறிஸ்து பிறப்புப் பாடல் 1535-இல் அச்சேறியபோது, மக்கள் வழங்கிய நாட்டுப்பாடல் மெட்டிலேயே அமைந்திருந்தது. இன்று நாம் அறிந்த இராகம் 1539-இல்தான் அதற்கு வாய்த்தது. தமிழில் 'கேள் ஜென்மித்த ராயர்க்கே' என வழங்கும் பாடலைச் சார்லஸ் வெஸ்லி 1739-இல் வெளியிட்டார். அதன் முதலடியை மாற்றியவர் ஜார்ஜ் விட்ஃபீல்டு. அதன் இராகமோ, அச்சுக்கலையின் நானூறாம் ஆண்டு விழாவுக்கென மெண்டல்சன் 1840-இல் அமைத்த இசையிலிருந்து எடுக்கப்பட்டது. அவ்விசை பக்திப் பாடலுக்குப் பொருந்தாது என்பது மெண்டல்சனின் கருத்து; அவர் மறைந்த பின்னர், 1855-இல், இரண்டையும் இணைத்தவர் கம்மிங்ஸ் என்னும் இசைஞர். 'ஒப்பில்லா திரு இரா'வின் மூலப்பாடல் 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரிய நாட்டின் ஓபெர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில், கித்தார் இசையோடு முதன்முறை பாடப்பட்டது. சொற்களைத் தந்தவர் ஜோசப் மோர் என்னும் உதவிக் குரு. இசை தந்தவர் ஃபிரான்ஸ் குரூபர் என்னும் பள்ளி ஆசிரியர்.

ஆகவே இப்பாடல்கள் நிலைத்தது பழமையால் அன்று. சபை அவற்றைத் தன் வாயில் வைத்துப் பார்த்தது. மாற்ற வேண்டியதை மாற்றியது. பாட இயலாதவற்றைக் கைவிட்டது. நம் கைக்கு வந்தவை தலைமுறை தலைமுறையாய்ச் சலித்தெடுக்கப்பட்ட மணிகளே.

2. தமிழ்த் திருச்சபை பெற்ற இரு செல்வங்கள்

1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதைத் தொடர்ந்து ஜெர்மானியப் பாடல்கள் தமிழில் வரத் தொடங்கின. அப்பணியைச் சிறப்புறச் செய்தவர் சென்னையில் நெடுங்காலம் ஊழியம் செய்த பப்ரிஷியஸ் ஐயர் (1711–1791). மேனாட்டு இராகத்தின் அளவுக்குத் தமிழ்ச் சொற்களை அடக்குவது எளிதன்று; குறில் நெடிலாக நீள்வதும், சொல் நடுவில் முறிவதும் ஞானப்பாட்டுகளில் உண்டு. எனினும் திரும்பத் திரும்பப் பாடியதால் அம்மொழி நம் பக்தியின் மொழியாயிற்று.

மற்றது கீர்த்தனை மரபு. சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறத்தி குறி சொல்லும் நாட்டுக் கூத்து வடிவத்தில் மீட்பின் செய்தியைப் பாட முடியும் என்று அவர் காட்டினார். பல்லவியைத் தலைவர் எடுத்துப் பாட, மற்றவர் திருப்பிப் பாடும் முறையால் எழுத்தறியாதோரும் கீர்த்தனையை எளிதில் கற்றனர். 'ஆதித் திருவார்த்தை' என்னும் கீர்த்தனையைப் பாடும் பாட்டி, யோவான் முதல் அதிகாரத்தின் இறையியலையே பாடுகிறார். நாம் வகுப்பறையில் பல மணி நேரம் விளக்குவதை அவர் சமையலறையில் முணுமுணுக்கிறார்.

3. வேர் பெயர்ந்தோரின் நினைவு

நெய்வேலி இதை நமக்குத் தெளிவாய்க் காட்டுகிறது. 1956-இல் நிலக்கரி நிறுவனம் அமைந்து, 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட பின், பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மக்கள் இங்கு வேலைக்கு வந்தனர். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் மக்கள் ஞானப்பாட்டோடு வந்தனர். நெல்லை, குமரிப் பகுதியினர் கீர்த்தனையோடு வந்தனர். இங்கு எவருக்கும் பாட்டன் கட்டிய வீடில்லை. பலருக்கு முன்னோரின் கல்லறையும் இல்லை. குடியிருப்பு நிறுவனத்திற்குரியது, ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்ய வேண்டும். இத்தகைய சபையில் ஒருவர் தம் ஊரிலிருந்து கொண்டுவந்ததும், மீண்டும் கொண்டுபோகக் கூடியதும் பாடலே. இருபது ஆண்டுகள் அருகருகே அமர்ந்து பாடிய குடும்பம் சென்றுவிட்டாலும், அடுத்த கிறிஸ்து பிறப்பு இரவில், வேறோர் ஊரில், அதே பாடலை அக்குடும்பம் பாடுகிறது. பரிசுத்தவான்களின் ஐக்கியம் என்று விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவது இங்கு செவிக்குக் கேட்கிறது.

4. நமக்கு வேண்டிய எச்சரிக்கை

ஆனால் நினைவு விசுவாசமாகாது. இளமைக்கால ஏக்கத்தைத் தணிப்பதற்காக மட்டும் பாடப்படும் பாடல், நம்மைப் பெத்லகேமுக்கு அன்று, நம் பழைய வீட்டுக்கே அழைத்துச் செல்கிறது. 1942-இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற 'ஒயிட் கிறிஸ்மஸ்' என்னும் ஆங்கிலப் பாடல் அத்தகைய ஏக்கத்தின் பாடலே. அதில் கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றிய செய்தி இல்லை. ஏக்கம் பாவமன்று, ஆயினும் அது நற்செய்தியும் அன்று.

லூக்கா தரும் பாடல்களை நோக்குக. மரியாள் பாடியது முற்றிலும் புதிய பாட்டன்று. அன்னாளின் பழம்பாட்டின் எதிரொலி அதில் கேட்கிறது. ஆயினும் அவள் அதைத் தன் நாளின் பாட்டாக்கினாள்: பலவான்கள் தள்ளப்படுவதையும், தாழ்மையானவர்கள் உயர்த்தப்படுவதையும், பசித்தோர் நிரப்பப்படுவதையும் பாடினாள். பழம்பாடலைக் காத்தல் என்பதற்கு வேதம் தரும் முன்மாதிரி இதுவே. நம் பவனிகளில் அமைதியான இரவு உண்டு. மரியாளின் பாட்டு உண்டா? ஏரோதின் வாளுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் புலம்பல் உண்டா?

பவனி செல்லும் வழியையும் எண்ணிப் பார்ப்போம். தூதரின் பாட்டை முதலில் கேட்டவர்கள் இரவுக் காவலிலிருந்த மேய்ப்பர்கள். நெய்வேலியில் நாம் பாடும் நேரத்தில் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் இரவுப் பணி நடைபெறுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் நகரியத்திற்கு வெளியே வாழ்கின்றனர். சுரங்கத்திற்காக நிலத்தைக் கொடுத்து இடம்பெயர்ந்த கிராமத்தாரும் அருகிலேயே உள்ளனர். மின்விளக்கு ஒளிரும் குடியிருப்புகளோடு நம் பவனி திரும்பிவிடுமானால், பாட்டு சரியாயிருந்தும் பாடிய இடம் தவறாகிவிடும்.

5. போதகரின் கடமை

முதலாவது, பாடலின் பொருளைக் கற்பிப்போம். திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் ஒவ்வொரு பாடலை எடுத்து, அதன் வரலாற்றையும் வேத ஆதாரத்தையும் விளக்கினால், வாலிபர் அதைப் பழம்பொருளென ஒதுக்கமாட்டார்.

இரண்டாவது, புதுப்பாடலைப் பகைக்காதிருப்போம். அது வார்த்தை மாம்சமானதை அறிவிக்கிறதா, ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் இன்றிச் சபையார் அதைப் பாட முடியுமா என்று மட்டும் கேட்போம். இவ்விரு சோதனைகளிலும் தேறுவது நாளைய பழம்பாடலாகலாம்.

மூன்றாவது, ஞானப்பாட்டையும் கீர்த்தனையையும் சேர்த்தே வழங்குவோம். ஒன்றை மேனாட்டுப் பொருளென்று தள்ளினால் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஜெபத்தை இழப்போம். மற்றதைத் தள்ளினால் நம் மண்ணின் குரலையே இழப்போம்.

நெய்வேலியின் நிலக்கரி முற்காலத்தில் மண்ணில் புதையுண்ட காடு. அது புதைந்து கிடந்தவரை எவருக்கும் ஒளி தரவில்லை. வெட்டியெடுத்து எரித்தபோதுதான் வீடுகளில் விளக்கு எரிந்தது. முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பாடல்களும் அத்தகையனவே. அவற்றைப் புத்தகத்தில் புதைத்து வையாமல், இருளில் பணி செய்வோரின் செவிக்குக் கொண்டு செல்வது நம்மேல் விழுந்த கடமையாகும்.