அறுவடை இயந்திரத்துக்கும் முறை வைக்கலாம்

அறுத்த நெல்லைக் காயவைத்துப் பத்தாயத்தில் கொட்டி வைக்கலாம். நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். அறுவடை இயந்திரத்தின் நேரத்தை அப்படிச் சேமித்து வைக்க வழியில்லை. சேர்ந்தாற்போல் வேலை கிடைக்காமல் இயந்திரம் ஒரு பகல் மரத்தடியில் நின்றால், அந்த எட்டு மணி நேரம் போனது போனதுதான். அதே நாளில் இரண்டு மைல் தள்ளி, கதிர் முற்றி, இயந்திரம் வராமல் ஒரு விவசாயி தவித்துக் கொண்டிருப்பார். உரிமையாளருக்கும் நஷ்டம், விவசாயிக்கும் நஷ்டம். இடையில் குறைவது இயந்திரம் அல்ல, நிர்வாகம்.

காவிரி டெல்டாவில் இந்தக் குறையின் விலை சிறியதல்ல. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில், அறுவடைக்குத் தயாராக நின்ற சம்பா, தாளடிப் பயிர்கள் சாய்ந்து நீரில் மூழ்கின. பாதிக்கப்பட்ட நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.20,000 நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. மழையை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் மழைக்கு நான்கு நாட்கள் முன்பே அறுத்த வயலும், இயந்திரத்துக்குக் காத்திருந்து நனைந்த வயலும் ஒரே வாய்க்காலில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்போது, அந்த நான்கு நாட்களைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

காத்திருப்பவர் பெரும்பாலும் சிறு விவசாயியே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. மூன்று மா, ஐந்து மா வைத்திருப்பவரின் வயலுக்காக மட்டும் இயந்திரத்தை லாரியில் ஏற்றி இறக்க எந்த உரிமையாளருக்கும் கட்டாது. பெரிய பண்ணைகள் முடிந்த பிறகே அவர் முறை வருகிறது.

இயந்திரங்கள் வரும் வழி

சம்பா அறுவடைக்கு டெல்டாவுக்கு வரும் இயந்திரங்களில் பல சேலம் மாவட்டம் ஆத்தூர் போன்ற வெளியூர்களிலிருந்து வருபவை. இந்த உரிமையாளர்களின் தொழில் முறை கவனிக்கத்தக்கது. செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை. ஜனவரி, பிப்ரவரியில் சம்பா, தாளடி. அதை ஒட்டிக் கேரளத்தில் பாலக்காட்டில் இரண்டாம் போக அறுவடை. மார்ச், ஏப்ரலில் குட்டநாட்டில் புஞ்சை அறுவடை. பயிர் முற்றும் வரிசையிலேயே இயந்திரமும் ஊர் ஊராக நகர்கிறது. ஒரு பகுதியின் அறுவடை முடியும் நாளும் அடுத்த பகுதியின் அறுவடை தொடங்கும் நாளும் தெரிந்திருப்பதே இவர்களின் மூலதனத்தில் பாதி.

இந்தத் தகவலைத் திரட்டித் தருபவர் உள்ளூர்த் தரகர். யார் வயல் எப்போது முற்றும், எந்த வயலில் இயந்திரம் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காக மணிக்கு இவ்வளவு என்று அவர் தரகு பெறுகிறார். அவர் விற்பது செய்தியைத்தான். அந்தச் செய்தியைக் கிராமமே ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கொண்டால், தரகும் மிஞ்சும், பேரம் பேசும் வலுவும் கூடும்.

மணி வாடகையின் கணக்கு

வாடகை ஏன் ஏறுகிறது என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு பார்க்கலாம். சங்கிலிச் சக்கரம் பொருத்திய அறுவடை இயந்திரம் ஒன்றின் விலை ரூ.24 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். எட்டு ஆண்டுகள் உழைத்த பின் ரூ.2.40 லட்சத்துக்கு விற்கலாம் என்றால், ஆண்டுத் தேய்மானம் ரூ.2.70 லட்சம். முதலீட்டின் சராசரித் தொகைக்கு 10 சதவீத வட்டி ரூ.1.32 லட்சம். காப்பீடு, கொட்டகை முதலியவற்றுக்கு ரூ.48 ஆயிரம். ஆகமொத்தம் ரூ.4.50 லட்சம். இயந்திரம் ஓடினாலும் நின்றாலும் இந்தச் செலவு உண்டு.

ஓடும்போது ஆகும் டீசல், ஓட்டுநர் கூலி, எண்ணெய், பழுது ஆகியவை மணிக்கு ரூ.1,300 என்று கொள்வோம். ஆண்டுக்கு 300 மணி நேரம் மட்டும் ஓடினால் நிலைச் செலவு மணிக்கு ரூ.1,500. அடக்கம் ரூ.2,800. 600 மணி நேரம் ஓடினால் நிலைச் செலவு ரூ.750 ஆகக் குறைந்து, அடக்கம் ரூ.2,050-க்கு இறங்குகிறது. 900 மணி நேரம் கிடைத்தால் அடக்கம் ரூ.1,800 மட்டுமே.

இந்த எண்கள் ஊருக்கு ஊர், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஆனால் இதில் உள்ள உண்மை மாறாது. ஓடும் மணி கூடினால் அடக்கம் குறையும். சம்பாப் பட்டத்தில் நாற்பது நாள், நாளுக்கு எட்டு மணி என்று வேலை கிடைத்தாலும் 320 மணி நேரம்தான். ஆகவே உள்ளூரில் ஒரு பட்டத்தை மட்டும் நம்பி இயந்திரம் வாங்குபவர் வாடகையை உயர்த்தினாலும் கடன் கட்டத் திணறுவார். வாங்குவதற்கு முன் விலைப் பட்டியலைப் பார்ப்பது போலவே, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கும் என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

அறுவடைத் தேதியை முன்கூட்டி அறிதல்

வேலையை விற்க விரும்புபவருக்கு முதலில் வேண்டியது, வேலை எப்போது வரும் என்ற கணக்கு. நெல்லில் இது கடினமல்ல. இரகமும் விதைத்த தேதியும் தெரிந்தால் போதும். ஆடுதுறை 36 இரகத்தின் வயது சுமார் 110 நாட்கள். கோ 51 இரகம் 105 முதல் 110 நாட்கள். சி.ஆர்.1009 நீண்ட கால இரகம், 155 நாட்களுக்குக் குறையாது. ஆகஸ்ட் 25-ஆம் தேதி நாற்றங்காலில் விதைத்த சி.ஆர்.1009, ஜனவரி 27-ஆம் தேதி வாக்கில் அறுவடைக்கு வரும் என்பதை விதைத்த அன்றே எழுதி வைக்கலாம். பருவநிலையால் சில நாட்கள் முன்பின் ஆகலாம். பயிர் பாதி பூத்த நாளிலிருந்து ஏறக்குறைய 30 நாட்களில் கதிர் முற்றும் என்பதால், பூக்கும்போது தேதியை ஒருமுறை சரிபார்த்துக் கொள்வது நலம்.

ஒரு வாய்க்காலில் பாசனம் பெறும் எல்லா வயல்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் தயாரித்தால், எந்த வாரத்தில் எத்தனை ஏக்கர் அறுவடைக்கு வரும் என்பது இரண்டு மாதம் முன்னதாகவே தெரிந்துவிடும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு இயந்திர உரிமையாளரிடம் பேசினால், அவர் ஒரு ஏக்கருக்கு வாடகை பேச மாட்டார். நூறு ஏக்கருக்குப் பேசுவார்.

வாய்க்கால் வாரியாக முறை

தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சிப் பழகிய ஊர்களுக்கு இயந்திரத்துக்கு முறை வைப்பது புதிய பாடமல்ல. தலைமடை முதல் கடைமடை வரை வயல் வரிசையில் இயந்திரம் இறங்கினால், வரப்புக்கு வரப்பு நகர்வதில் வீணாகும் நேரம் மிச்சம்.

120 ஏக்கர் உள்ள ஒரு வாய்க்காலை எடுத்துக் கொள்வோம். ஏக்கருக்கு ஒரு மணி நேரம் வீதம் எட்டு மணி நேரத்தில் எட்டு ஏக்கர் அறுக்க வேண்டிய இயந்திரம், அங்கொன்றும் இங்கொன்றுமாக அலைந்தால் ஆறு ஏக்கர்தான் முடிக்கும். வேலை முடிய 20 நாட்களாகும். வரிசையாக அறுத்தால் 15 நாட்களில் முடிந்துவிடும். கடைசி வயல்காரருக்கு ஐந்து நாட்கள் கிடைக்கின்றன. மழை அச்சுறுத்தும் காலத்தில் ஐந்து நாட்கள் என்பது ஒரு போகத்தின் கண்டுமுதலையே காப்பாற்றக் கூடியது.

இதற்கு விவசாயிகளும் ஒத்துழைக்க வேண்டும். ஒரே வாய்க்காலில் ஒரே வயதுள்ள இரகங்களை அடுத்தடுத்த நாட்களில் விதைப்பது நல்லது. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும். சேறான வயலிலும் சாய்ந்த பயிரிலும் இயந்திரம் மெதுவாகத்தான் நகரும், மணி வாடகை ஏறும், நெல்லும் சிந்தும். காலைப் பனி உலர்ந்த பிறகே இயந்திரத்தை இறக்க வேண்டும். அரசு கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் என்று வரம்பு இருப்பதால், ஈரத்தோடு அறுத்த நெல்லைக் களத்தில் காயவைக்கும் செலவும் விவசாயியின் தலையில்தான் விழும். கொள்முதல் நிலையத்தில் நெல் எடுக்கும் வேகத்துக்கு ஏற்ப முறையை அமைத்தால் களத்துமேட்டில் நெல் தேங்காது.

தகராறு வராமல் இருக்க

வாடகைத் தகராறு பெரும்பாலும் மூன்று காரணங்களால் வருகிறது. மணிக்கணக்கில் வித்தியாசம் ஒன்று. பேசியதற்கு மேல் ஓட்டுநர் படி கேட்பது இரண்டாவது. சொன்ன நாளில் இயந்திரம் வராதது மூன்றாவது.

முதலாவதற்கு வழி எளிது. இயந்திரத்தில் மணி காட்டும் மீட்டர் உண்டு. வயலில் இறங்கும்போதும் ஏறும்போதும் மீட்டர் காட்டும் எண்ணை ஒரு சீட்டில் குறித்து, இரு தரப்பினரும் கையெழுத்திட வேண்டும். பழுதாகி நின்ற நேரம், டீசல் ஊற்றிய நேரம் ஆகியவை கணக்கில் சேருமா என்பதை முதலிலேயே பேசி எழுதிக் கொள்ள வேண்டும். ஓட்டுநர் படியையும் வாடகைக்குள் அடக்கிவிடுவது நல்லது. மாவட்ட நிர்வாகம் உரிமையாளர்களையும் விவசாயிகளையும் அழைத்துப் பேசி வாடகையை நிர்ணயிக்கும் ஆண்டுகளில், அந்த வாடகையைக் கூட்டுறவு சங்க வாசலில் எழுதிப் போடலாம்.

மூன்றாவதற்கு மருந்து முன்பணம். விவசாயி சிறு தொகை கட்டிப் பதிவு செய்ய வேண்டும். இயந்திரம் குறித்த நாளில் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதோடு உரிமையாளர் மணிக்கு இவ்வளவு என்று வாடகையில் தள்ளுபடி தர வேண்டும். விவசாயி வேறு இயந்திரத்தை இறக்கிவிட்டால் முன்பணம் அவருக்கு இல்லை. சொன்ன சொல் தவறாத உரிமையாளருக்கு அடுத்த ஆண்டு விளம்பரமே தேவைப்படாது.

பட்டம் தொடங்குவதற்கு முன்

அறுவடை நடுவில் ஒரு பெல்ட் அறுந்து, அதை வாங்கி வர நகரத்துக்கு ஆள் அனுப்பி, ஒரு பகல் கழிவது வழக்கமான காட்சி. வெட்டுக் கத்திகள், பெல்ட்டுகள், சங்கிலி, பேரிங் ஆகியவற்றில் உபரி கையிருப்பு இருக்க வேண்டும். பழுது பார்க்கும் வேலையை டிசம்பரிலேயே முடித்துவிட வேண்டும். எந்த உதிரி பாகம் எத்தனை மணி ஓட்டத்துக்குப் பின் தேய்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், அது அறுவதற்கு முன்பே மாற்றலாம்.

யார் நடத்துவது?

இந்த ஏற்பாட்டை நடத்த ஒருவர் முழு நேரமும் பொறுப்பேற்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கமோ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ அவரை நியமிக்கலாம். தமிழகத்தில் 2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், நூறு விவசாயிகள் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் கருவிகள் வாங்க ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. இந்தத் தொகைக்கு அறுவடை இயந்திரம் வராது. சுழல் கலப்பை, பவர் டில்லர், களையெடுக்கும் கருவி போன்றவை வரும். அறுவடைக்கு வெளி இயந்திரத்தைக் கூட்டாக ஒப்பந்தம் பேசுவதும், மற்ற வேலைகளுக்குச் சொந்தக் கருவிகளை வாடகைக்கு விடுவதும் சேர்ந்தால், ஆண்டு முழுவதும் மையத்துக்கு வேலை இருக்கும். கோடையில் உழவு, ஜூன் முதல் நாற்றங்கால் தயாரிப்பும் நடவும், பிறகு களையெடுப்பு, அறுவடைக்குப் பின் வைக்கோல் கட்டுதல் என்று மாதவாரியாகப் பட்டியல் போட்டுப் பார்க்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. அவற்றையும் பட்டியலில் சேர்த்துக் கொண்டால் தனியார் வாடகைக்கு ஒரு கடிவாளம் கிடைக்கும்.

வேலை ஊரில் தங்கினால் கூலியும் ஊரில் தங்கும். ஓட்டுநர், மெக்கானிக், வெல்டர், உதிரி பாகக் கடை, கணக்கு எழுதும் பெண் என ஒரு மையத்தைச் சுற்றிப் பலருக்குப் பிழைப்பு உண்டு. நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இதில் சேரலாம். கைவேலையாக இருந்த அறுப்பு இயந்திரத்துக்குப் போனபோது கூலி இழந்த குடும்பங்களிலிருந்து ஓட்டுநர்களையும் பழுது பார்ப்பவர்களையும் பயிற்றுவிப்பதே நியாயமும் ஆகும்.

இதற்கெல்லாம் முதல் செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான். இந்தப் பட்டத்தில் நாற்றங்கால் விதைக்கும் நாளிலேயே வயல்காரர் பெயர், பரப்பு, இரகம், விதைத்த தேதி ஆகிய நான்கையும் வாய்க்கால் வாரியாக எழுதத் தொடங்கலாம். எழுதும்போது கடைமடையிலிருந்து தொடங்கினால், இதுவரை பட்டியலின் கடைசியில் இருந்த மூன்று மாக்காரரின் பெயர் இந்த முறை விட்டுப் போகாது.