எதிர்க்கட்சியின் போனுக்குள் ஆளுங்கட்சி

2019 கோடையின் கடைசி வாரங்கள். போலந்தில் நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அரசுத் தொலைக்காட்சியான டி.வி.பி., எதிரணியின் முக்கியப் புள்ளியான கிஷிஷ்தோஃப் பிரெய்சாவின் குறுஞ்செய்திகள் என்று சொல்லிச் சில வரிகளைத் திரையில் ஓடவிட்டது. அரசியல் எதிரிகள் மீது இணையத்தில் சேறு பூச ஆள் வைத்து வேலை வாங்கியவர் இவர்தான் என்பது செய்தியின் சாரம். பிரெய்சா மறுத்தார். வெட்டி, ஒட்டி, திரித்தவை என்றார். யார் காதில் விழும்? தேர்தல் நேரத்தில் குற்றச்சாட்டு தலைப்புச் செய்தி, மறுப்பு எட்டாம் பக்கத்துப் பெட்டிச் செய்தி. அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

இந்த பிரெய்சா சாதாரண எம்.பி. அல்ல. குடிமக்கள் கூட்டணியின் தேர்தல் பிரச்சாரத்தையே தலைமை ஏற்று நடத்தியவர். அப்படிப்பட்டவரின் போனில் இருந்தவை தொலைக்காட்சிக்கு எப்படிப் போயின என்ற கேள்விக்கு அன்று விடை இல்லை. தேர்தல் அக்டோபர் 13-ல் நடந்தது. ஆளுங்கட்சியான சட்டமும் நீதியும் கட்சி கீழவையில் பெரும்பான்மையைத் தக்கவைத்தது, மேலவையைக் கோட்டைவிட்டது. பிரெய்சாவே அந்த மேலவைக்குத் தேர்வானார். கதை அத்தோடு முடிந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 2021 டிசம்பரில் விடை கிடைத்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் பிரெய்சாவின் போனைப் பரிசோதித்ததில், 2019 ஏப்ரல் 26 முதல் அக்டோபர் 23 வரை 33 முறை பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் அதற்குள் புகுந்திருந்தது தெரியவந்தது. ஏ.பி. நிறுவனம் செய்தியை வெளியிட்டது. அந்தத் தேதிகளைக் காலண்டரில் வைத்துப் பாருங்கள். மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல், அக்டோபரில் தேசியத் தேர்தல். இரண்டும் அந்த ஆறு மாதத்துக்குள் அடக்கம். வாக்குப்பதிவு முடிந்து பத்து நாளில் ஒட்டுக்கேட்பும் நின்றுவிட்டது.

பெகாசஸ் இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் சரக்கு. அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்பது அந்த நிறுவனத்தின் வாதம். ஏற்றுமதிக்கு இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். பல நேரங்களில் போனுக்கு உரியவர் எந்த இணைப்பையும் தொடக்கூடத் தேவையில்லை. உள்ளே வந்துவிட்டால் செய்திகள், படங்கள், தொடர்பு எண்கள், இருக்கும் இடம் எல்லாம் வெளியே போகும். மைக்கையும் கேமராவையும் தூரத்திலிருந்தே இயக்கலாம். பழைய ஒட்டுக்கேட்பில் இருவர் பேசினால்தான் கேட்க முடியும். இதில் போன் மேசைமேல் சும்மா கிடந்தாலே போதும், அறையில் நடக்கும் கூட்டம் முழுதும் கேட்கும். சங்கேதப் பூட்டு போட்ட செயலிகளும் காப்பாற்றாது. பூட்டு வழியில்தான் இருக்கிறது. பெகாசஸோ எழுதுகிற விரலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

பிரச்சாரத்தை நடத்துகிறவரின் போனில் என்னென்ன இருக்கும்? தேர்தல் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்தத் தொகுதியில் யாரை நிறுத்துவது, சொந்தக் கணக்கெடுப்பில் எங்கே உதைக்கிறது, விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு, அடுத்த வாரம் எந்தப் பிரச்சினையைக் கையில் எடுப்பது, விவாத மேடையில் எதைக் கேட்டால் தலைவர் தடுமாறுவார், எந்த நிர்வாகி முறுக்கிக்கொண்டு நிற்கிறார். கட்சியின் 'வார் ரூம்' முழுவதும் அந்தக் கண்ணாடிப் பலகைக்குள்தான். இவையெல்லாம் ஆளுங்கட்சியின் பிரச்சாரக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தன என்று நிரூபணம் ஆகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால், பிரெய்சாவின் போனிலிருந்த செய்திகள் தொலைக்காட்சிக்குப் போனது கண்முன் நடந்தது. ஒரு கதவு திறந்திருந்தது நிச்சயம் என்றால், மற்றக் கதவுகள் பூட்டியே இருந்தன என்று நம்பச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. எதிரணித் தலைவர் டொனால்ட் டஸ்க்கின் வழக்கறிஞராக இருந்த ரோமன் கியெர்த்திஹ் என்பவரின் போனில் 2019-ன் கடைசி நான்கு மாதத்தில் 18 முறை புகுந்திருக்கிறார்கள். இவர் 2006-07-ல் சட்டமும் நீதியும் கட்சித் தலைவர் யாரொஸ்வாஃப் காச்சின்ஸ்கியின் அரசில் துணைப் பிரதமராக இருந்தவர். பழைய கூட்டாளி எதிர் முகாமுக்குப் போனால் அவர்மேல் கண் கூடுதலாகவே விழும் போலிருக்கிறது. அரசு வழக்கறிஞர் எவா வ்ஷோசெக், விவசாயிகள் இயக்கத் தலைவர் மிஹாவ் கொவோஜெய்சாக் ஆகியோரின் பெயர்களும் பட்டியலில் சேர்ந்தன.

செய்தி வந்ததும் அரசுத் தரப்பில் முதலில் கிண்டல்தான். 1990-களில் போலந்துச் சிறுவர்கள் தொலைக்காட்சியில் செருகி விளையாடிய கேம் பெட்டி ஒன்றுக்கும் பெகாசஸ் என்றே பெயர். துணை நீதி அமைச்சர் மிஹாவ் வோஷ் அதை வைத்து நகைச்சுவை செய்தார். சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. 2022 ஜனவரியில் காச்சின்ஸ்கியே ஒரு வார இதழ்ப் பேட்டியில், அந்த மென்பொருள் தங்களிடம் உண்டு, ஆனால் எதிர்க்கட்சிகள்மேல் பயன்படுத்தவில்லை என்றார். பணம் வந்த வழி இன்னும் மோசம். நீதி அமைச்சகத்தின் கீழ் நீதி நிதி என்று ஒன்று உண்டு. குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வைத்திருப்பது. அதிலிருந்து 2017-ல் 2.5 கோடி ஸ்வாட்டி ஊழல் தடுப்பு அமைப்பான சி.பி.ஏ.வுக்குப் போனது. அந்த அமைப்பு அரசு பட்ஜெட்டிலிருந்து மட்டுமே நிதி பெறலாம் என்பது சட்டம். தணிக்கை அலுவலகம் இதைச் சுட்டிக்காட்டியபோதே 'சிறப்புத் தொழில்நுட்பக் கருவி' என்ற பெயரில் என்ன வாங்கினார்கள் என்று சந்தேகம் எழுந்தது. பண மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்ட துணை அமைச்சர் யார் தெரியுமா? கேம் பெட்டிக் கிண்டல் செய்த அதே வோஷ். 2024-ல் நாடாளுமன்றம் அவருடைய சட்டப் பாதுகாப்பை நீக்கியது.

அன்றைய ஆளுங்கட்சி சொல்வதையும் கேட்டுவிடுவோம். பிரெய்சாவின் தந்தை மேயராக இருந்த இனோவ்ரொட்ஸ்வாஃப் நகராட்சியில் பில் முறைகேடு பற்றி விசாரணை நடந்தது, கண்காணிப்பு அதற்காகத்தான், நீதிமன்ற அனுமதியும் இருந்தது என்கிறார்கள். அனுமதி இருந்தது உண்மைதான். சிக்கலும் அங்கேதான். அமைப்பு கொண்டுவந்து வைத்த விண்ணப்பத்தில் எந்தக் கருவியைப் பயன்படுத்தப்போகிறோம் என்று இருக்காது. சாதாரண ஒட்டுக்கேட்பு என்று நினைத்துக் கையெழுத்திட்டோம், பெகாசஸ் என்று தெரியாது என நீதிபதிகள் பின்னர் சொன்னார்கள். கண்காணிக்கப்பட்டவருக்கு, எல்லாம் முடிந்த பிறகும், தகவல் சொல்லும் வழக்கம் இல்லை. 2024 மே 28-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போலந்தின் கண்காணிப்புச் சட்டம் தனிவாழ்வு உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி ஒட்டுக்கேட்டால் திருட்டு என்று சொல்லிவிடலாம். சட்டத்தின் முத்திரையோடு செய்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

2023 தேர்தலில் ஆட்சி மாறியது. 2024 ஏப்ரலில் நீதி அமைச்சர் ஆடம் போட்னர் நாடாளுமன்றத்தில் கணக்கு வைத்தார். 2017 முதல் 2022 வரை பெகாசஸ் வைத்துக் கண்காணிக்கப்பட்டவர்கள் 578 பேர். 2017-ல் 6, 2018-ல் 100, தேர்தல் ஆண்டான 2019-ல் 140. அவர்களில் உண்மையான குற்றவாளிகளும் இருந்திருப்பார்கள். நியாயமான கோப்புகளுக்கு நடுவே ஓர் அரசியல் கோப்பைச் செருகிவைப்பது எவ்வளவு சுலபம் என்பதையும் அந்த எண்ணிக்கையே சொல்கிறது.

நமக்கு இதெல்லாம் அந்நியச் சங்கதி அல்ல. 1988-ல் போன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991 மார்ச்சில் ராஜீவ் காந்தி வீட்டருகே ஹரியானா போலீஸ்காரர் இருவர் வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் கொதித்தெழ, பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். தெருவில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களால் ஓர் அரசே கவிழ்ந்தது! 2021-ல் மேற்கு வங்கத்தில் திரிணமூலுக்கும் இங்கே தி.மு.க.வுக்கும் தேர்தல் வியூகம் வகுத்த பிரசாந்த் கிஷோரின் போனில் பெகாசஸ் தடயம் இருப்பதாக ஆம்னெஸ்டியின் ஆய்வகம் சொன்னது. தடயம், போனைச் சோதித்த ஜூலை 14 அன்றுகூட இருந்தது. மத்திய அரசு சட்டவிரோதக் கண்காணிப்பு எதுவும் இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பார்த்து, ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் உண்டு, பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. அரசு குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை என்பதையும் நீதிமன்றமே பதிவு செய்தது. யாரும் பதவி விலகவில்லை. போலீஸ்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம், படம் எடுக்கலாம். மென்பொருளுக்கு முகம் கிடையாது; அதனால் வெட்கப்படவும் ஆள் இல்லை.

போலந்தில் நாடாளுமன்ற விசாரணைக் குழு உட்கார்ந்தது. அது செல்லாது என்று 2024 செப்டம்பரில் அரசியல் சாசனத் தீர்ப்பாயம் சொன்னது. பழைய ஆட்சி நியமித்தவர்கள் நிறைந்த தீர்ப்பாயம் அது என்று கூறிக் குழு வேலையைத் தொடர்ந்தது. பெகாசஸ் வாங்கியபோது நீதி அமைச்சராக இருந்த ஸ்பிக்னியெவ் ஜோப்ரோ, அந்தத் தீர்ப்பைக் காட்டிச் சம்மன்களை ஒதுக்கிவந்தார். கடைசியில் 2025 செப்டம்பர் 29 அன்று வார்சா விமான நிலையத்தில் இறங்கியவரைப் போலீஸ் நேராகக் குழுவின் முன் கொண்டுவந்து நிறுத்தியது. அங்கும் அவர் அந்தக் கொள்முதலை நியாயப்படுத்தியே பேசினார்.