வண்டியில் படுக்கை போட்டால் போதுமா?

கொல்லிமலைக்கு வண்டியில் போய் வண்டியிலேயே படுத்துத் தூங்கும் பழக்கம் பெருகிவிட்டது. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்திலும், செம்மேடு, சோளக்காடு பக்கத்திலும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். தார், பொலிரோ, ஸ்கார்பியோ என்று ஓரங்கட்டிய வண்டிகளில் கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே குழந்தைகளோடு குடும்பமே தூங்கும். தட்டி எழுப்பிக் கேட்டால், "குளிருது, ஹீட்டர் போட்டிருக்கோம். டீசல் வண்டிதானே, ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள்.

ஆகும். 2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தின் வடகரை அருகே, நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஒருவர் கதவருகே, மற்றவர் உள்ளே. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு, தளத்திலிருந்த துளை வழியே உள்ளே வந்தது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை செய்து சொன்னார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி அறையில் அடுப்புக்கரிப் புகைக்கு இருவர் பலியானார்கள். அதன் பிறகும் பூட்டிய வண்டிக்குள் அடுப்பு மூட்டுகிறார்களே!

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம், வாந்தி வரும். தூங்குபவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது. கரடுமுரடான பாதையில் அடிப்பாகம் கல்லில் இடித்த வண்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். சைலன்சர் குழாயில் விரிசல் இருந்தால் புகை நேரே உங்கள் படுக்கைக்கு அடியில்தான் வரும். பின்பக்கத்தை மண்மேட்டில் ஒட்டி நிறுத்தினாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியவை இவை. தூங்கும்போது எஞ்சினை அணையுங்கள். ஹீட்டர் வேண்டாம், கம்பளி போதும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி, கொசுவலை கட்டுங்கள். அடுப்பு, கரி, ஜெனரேட்டர் எதுவும் வண்டிக்குள்ளும் வேண்டாம், வண்டியை ஒட்டியும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்குங்கள். கேரவன்களுக்கான இ.என். 50291-2 தரக்குறியீடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். புகை அலாரம் இந்த வாயுவைக் காட்டாது. அலாரம் இருக்கிறது என்று கண்ணாடியை மூடிவிடவும் கூடாது.

யாராவது மயங்கினால் உடனே வெளியே தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் "மூடிய வண்டியில் புகை" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைப் பிரித்தறியாது. 98 என்று காட்டி ஏமாற்றும். கார்பாக்சிஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

படுக்கைக்காக வண்டியையே மாற்ற நினைத்தால், இனி காகித விவகாரம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மீறினால் 182-ஏ பிரிவின் கீழ் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பின் சீட்டை மடக்கி, பலகையும் மெத்தையும் போட்டு, பயணம் முடிந்ததும் எடுத்துவிடுவது நல்ல வழி. பலகையைப் பட்டையால் இறுகக் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் அது உங்கள் பிடரியில்தான் வந்து மோதும். சீட்டை நிரந்தரமாகக் கழற்றுவது, கூரையை அறுப்பது, பாடியை மாற்றுவது என்றால், வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் முன் அனுமதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் ஏற்றச் சொல்லுங்கள். வண்டிக்குக் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, ஒப்புகையை வாங்கி வையுங்கள். "ஆர்.டி.ஓ.வை நாங்க பாத்துக்கிறோம்" என்னும் பட்டறைக்காரரை நம்பாதீர்கள். தண்டம் கட்டப்போவது நீங்கள்.

பில் இல்லாமல் வேலை கொடுக்காதீர்கள். வேலை மோசமானால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. வழி கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால் முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லையென்றால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கும் கட்டணமில்லை. ஆனால் வண்டியை அனுமதியின்றி மாற்றியிருந்தால், அங்கே போயும் உங்கள் கை ஓங்காது.

எங்கே நிறுத்துவது? வளைவு ஓரத்தில் கூடவே கூடாது. மழையில் கல் உருளும், இரவில் லாரி திரும்பும். காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018-இல் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனதை மறந்துவிட்டோமா? நிறுத்த நினைக்கும் இடம் காப்புக்காடா, பட்டாவா என்று வனத்துறையிடம் கேளுங்கள். பட்டா நிலம் என்றால் அந்த மலைவாழ் குடும்பத்திடம் அனுமதி கேளுங்கள். அவர்களின் மிளகுத் தோட்டம் நமக்குச் சத்திரம் இல்லை. வாழவந்திநாடு காவல் நிலையத்திலும் சொல்லிவையுங்கள்.

எங்கே நிறுத்தலாம் என்று அடிவாரத்திலேயே ஒரு பலகை வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். அதிகாரிகள் ஓர் உயிர் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நீங்களும் அந்தப் பலகைக்குக் காத்திருக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, அப்புறம் படுங்கள்.